டோர்லைவின் ஜாடியும் சின்னோவாவின் ‘சரி’யும்

டோர்லைவ் காலைக் காப்பியைக் குடித்து முடித்ததும் எழுந்து நின்று சபதம் செய்தான். உட்கார்ந்தபடியே செய்திருக்கலாம்தான். ஆனால் உட்கார்ந்து செய்த சபதம் எதையும் அவன் மனைவி சின்னோவா இதுவரை காதில் போட்டுக்கொண்டதில்லை.

"இந்தக் கிறிஸ்துமஸுக்கு என் பீரைக் குடிச்சிட்டு இந்த ஏரிக்கரையே வாயைப் பொளந்துட்டு நிக்கப்போகுது!"

"போன வருஷமும் அப்படித்தானே நின்னாங்க," என்றாள் சின்னோவா, ரொட்டிக்கு வெண்ணெய் தடவியபடியே. "மூக்கைப் பொத்திக்கிட்டா வாயாலதானே மூச்சு விட்டாகணும்?"

அந்தக் கதையை அவளும் மறக்கவில்லை, ஊரும் மறக்கவில்லை. போன வருஷம் டோர்லைவ் பீரை நொதிக்க வைத்தது ஒரு வெள்ளை பிளாஸ்டிக் வாளியில். அதே வாளியில்தான் இரண்டு வருஷம் சின்னோவா டிரவுட் மீனை உப்புப் போட்டுப் புளிக்க வைத்திருந்தாள். மூன்று தடவை சோடா போட்டுக் கழுவினான். முகர்ந்து பார்த்தான், வாசனையே இல்லை. ஆனால் பிளாஸ்டிக்கில் விழுந்த கீறல்களுக்குள் மீன் பத்திரமாகக் குடியிருந்தது. பீரைத் திறந்த அன்று விருந்தாளிகளுக்கு முன்னால் வந்து நின்றது பூனை. பக்கத்துப் பண்ணை ஷூர் ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "மீனுக்குத் தொட்டுக்க உருளைக்கிழங்கு இல்லையா?" என்று ரொம்ப மரியாதையாகக் கேட்டான்.

இது சிரித்துவிட்டுப் போகிற விஷயமா? அந்த ஏரிக்கரையில் இல்லை! ஓலவ் வீட்டில் பீர் புளித்துப் போய் முப்பத்தேழு வருஷம் ஆகிறது. ஓலவ் போய்ச் சேர்ந்தும் பத்து வருஷம் ஆகிறது. இன்றைக்கும் அது ‘புளிப்பு வீடு’தான். டோர்லைவின் வீட்டை ஜனங்கள் ‘மீன் வீடு’ என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். இந்த ஒரு வருஷத்துக்குள் அதை அழிக்காவிட்டால் அவன் கல்லறையிலும் அந்தப் பெயர்தான்.

"தப்பு என் கையில இல்ல, பாத்திரத்துல," என்றான் டோர்லைவ். "இந்தத் தடவை பாத்திரத்தை நான் பார்த்துத் தேர்ந்தெடுக்கறேன்."

"போன தடவையும் நீதான தேர்ந்தெடுத்தே?"

"அது அவசரம். இது ஆராய்ச்சி."

ஆராய்ச்சி ஒரு வாரம் நடந்தது. பெரிய கண்ணாடிக் குடுவை ஒன்று கொண்டுவந்தான். சோப்புக் கையோடு தூக்கினான். அது அவன் பாதத்துக்கு ஒரு விரற்கடை தள்ளி விழுந்து ஆயிரம் துண்டானது. துத்தநாகம் பூசிய தொட்டி ஒன்றைக் கொண்டுவந்தான். "புளிப்பு பட்டா துத்தநாகம் கரைஞ்சு பீர்ல இறங்கும். குடிக்கறவன் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு ஓடணும்," என்றாள் சின்னோவா. மாட்டுக்கு முன்னால் அதை வைத்துத் தண்ணீர் ஊற்றினாள்.

"கொட்டில்ல எங்க அப்பாவோட பழைய பால் கேன் கிடக்கே? எவர்சில்வர். உள்ளே ஒரு கீறல் கிடையாது. கொதிக்கிற தண்ணியை ஊத்திக் கழுவினா முடிஞ்சுது," என்றாள்.

"பால் கேனா! நான் காய்ச்சறது பீரா, இல்ல கன்னுக்குட்டிக்குக் கஞ்சியா?"

மறுநாள் அவன் ஒரு ஏலத்திலிருந்து மண் ஜாடியோடு வந்தான். அடடா, அது என்ன ஜாடி! இடுப்பளவு உயரம். தேன் நிறத்தில் மெருகு. அதில் அவன் முகம் தெரிந்தது, அதுவும் நேரில் இருப்பதைவிட லட்சணமாகத் தெரிந்தது. டோர்லைவ் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். தேவாலயத்தில்கூட அவன் அவ்வளவு சீக்கிரம் கழற்றுவதில்லை.

"இருநூறு வருஷத்து ஜாடி, சின்னோவா. எத்தனை தலைமுறை இதுல குடிச்சிருக்கும்!"

"குடிச்சவங்க எல்லாம் எங்கே?"

"செத்துட்டாங்க."

"அதான் கேட்டேன்."

அவள் உள்ளே போய் ஒரு சின்ன சோதனைக் குச்சியோடு வந்தாள். பழைய மெருகில் காரீயம் இருந்தால் அந்தக் குச்சியின் முனை சிவக்கும். காரீயம் வயிற்றுக்குள் போனால் மெள்ள மெள்ள ஆளைத் தின்றுவிடும். ஜாடியின் உள்பக்கம் தேய்த்தாள். குச்சி வெட்கப்பட்ட பெண் மாதிரி சிவந்தது.

"அது உன் கையில இருந்த பழ ஜாம்," என்றான் டோர்லைவ்.

"டோர்லைவ், மீன் நாத்தம்னா ஊரு சிரிக்கும். காரீயம்னா ஊரு சாகும்."

அந்த நேரம் பார்த்து ஷூர் ஏணி கேட்டு வந்து சேர்ந்தான். ஆண்பிள்ளைக்குப் பக்கத்தில் இன்னோர் ஆண்பிள்ளை நின்றால் வாய் நீளும் அல்லவா, நீண்டது.

"ஷூர், நீயே சாட்சி! யாரு தேர்ந்தெடுத்த பாத்திரத்துல பீர் நல்லா வருதோ, அவங்கதான் இனிமே இந்த வீட்ல பீர் காய்ச்சணும், அவங்கதான் கத்தணும். மத்த ஆளு காலம் பூரா பாத்திரம் தேய்க்கணும்!"

கத்துவது என்றால் சாமானியமில்லை. அந்தப் பக்கத்தில் ஈஸ்ட் போடும்போது காய்ச்சுகிறவர் தொண்டை கிழியக் கத்த வேண்டும். கத்து எவ்வளவு பெரிதோ பீர் அவ்வளவு வீரியம். வீட்டில் மிச்ச நாளெல்லாம் பேசாமலிருக்கிற புருஷனுக்கு வருஷத்தில் கிடைக்கிற ஒரே உரிமை அது.

சின்னோவா ஜாடியைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள்.

"சரி," என்றாள்.

இருபத்தாறு வருஷக் குடித்தனத்தில் அவள் அவ்வளவு சீக்கிரம் சரி சொன்னதே இல்லை. அங்கேயே அவன் உஷாராகியிருக்க வேண்டாமோ? ஆகவில்லை. ஜாடியில் முகம் பார்த்துக்கொண்டிருந்தான்.

காய்ச்சுகிற நாள் வந்தது. செப்பு அண்டாவில் முளைகட்டிய பார்லியின் மால்ட் சாறு ஜூனிப்பர் கிளைகளின் மணத்தோடு கொதித்து, கை பொறுக்கிற சூட்டுக்கு ஆறியது. ஈஸ்ட் காய்ந்து ஒட்டியிருந்த மரவளையத்தை டோர்லைவ் பயபக்தியோடு எடுத்தான்.

"ஒண்ணு சொல்லட்டா?" என்றாள் சின்னோவா. "இந்த ஜாடிக்கு நிலவறைக்குள்ள நின்னு கத்தினா மரியாதையா? மலை மேல போய்க் கத்து. ஏரிக்கு அந்தப் பக்கம் கேக்கணும். உன் சத்தம் கேட்டதும் நான் ஊத்தி ஈஸ்ட்டைப் போட்டுடறேன்."

டோர்லைவுக்குக் கண் கலங்கிவிட்டது. இவளுக்கும் ஜாடியின் அருமை தெரிந்துவிட்டதே! பனியில் முழங்கால் புதைய மலையேறினான். மூன்று முறை கத்தினான். முதல் கத்துக்கு ஷூரின் நாய் பதில் சொன்னது. இரண்டாவதற்கு எதிர்மலை பதில் சொன்னது. மூன்றாவதற்கு அவனுக்கே உடம்பு சிலிர்த்தது. அத்தனை பெரிய மலை அவன் குரலை வாங்கித் திருப்பிக் கொடுக்கிறதே! இறங்கி வரும்போது தானும் கொஞ்சம் உயரமாகிவிட்ட மாதிரி இருந்தது.

நிலவறையில் ஜாடி மூடியோடு கம்பளிக்குள் இருந்தது. பக்கத்திலேயே போர்வை சுற்றிய இன்னொரு மூட்டை.

"அது என்ன?"

"கேன். ஜாடிக்குச் சூடு குறையக்கூடாதுல்ல? உக்காந்துக்கோ, இதமா இருக்கும். மூடியை மட்டும் திறந்துடாதே."

கேனுக்குள் வெந்நீர் என்று நினைத்து, இரண்டு நாள் அவன் அந்த மூட்டை மேலேயே உட்கார்ந்து ஜாடியில் காதை வைத்துக் கேட்டான். குபுகுபுவென்று நொதிக்கிற சத்தம்! எங்கிருந்தோ வருகிற மாதிரி, கீழேயிருந்து வருகிற மாதிரி, அவன் உடம்புக்குள்ளேயே வருகிற மாதிரி. வெறும் சாறும் ஒரு பிடி காய்ந்த ஈஸ்ட்டும் சேர்ந்து இப்படி உயிர் பெற்று மூச்சு விடுகிறதென்றால் அதிசயமில்லையா? அவன் சாப்பாட்டைக்கூட அங்கேயே வரவழைத்துச் சாப்பிட்டான்.

"உள்ளே என்னமோ பாடுது, சின்னோவா!"

"நல்லா உக்காந்து கேளு," என்றாள் அவள்.

பீர் திறக்கிற நாள். நிலவறை கொள்ளாமல் அக்கம்பக்கம் வந்திருந்தது. பூனை வந்து முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. அதுவே நல்ல சகுனம்.

"நீ பேசு, நான் மொண்டு தர்றேன்," என்றாள் சின்னோவா. டோர்லைவ் கூட்டத்தைப் பார்த்து நின்று பாத்திரத்தின் மகிமை பற்றிக் கால் மணி பேசினான். அவன் முதுகுக்குப் பின்னால் நிரம்பிய மரக்கிண்ணம் கை மாறிக் கை மாறிப் போனது.

ஷூர் குடித்தான். கண்ணை மூடினான். மறுபடி குடித்தான்.

"என்னப்பா இது!" என்றான் மெதுவாக. "ஆரஞ்சுத் தோல் மணக்குது. நெஞ்சுல விளக்கேத்தி வச்ச மாதிரி இருக்கு. எங்க அப்பாகூட இப்படிக் காய்ச்சினதில்லை."

டோர்லைவும் குடித்தான். மெய்யாகவே அப்படித்தான் இருந்தது. மீன் வீடு செத்தது! அவன் கண்ணில் தண்ணீர் முட்டியது.

"எல்லாம் பாத்திரம்! சாட்சி ஞாபகம் இருக்குல்ல ஷூர்? எல்லாரும் வந்து பாருங்க!" என்று கம்பளியை உருவி, ஜாடியின் மூடியைத் தூக்கினான்.

உள்ளே கூழாங்கல். வாய் வரைக்கும் ஏரிக்கரைக் கூழாங்கல். அதன் உச்சியில் அந்தச் சோதனைக் குச்சி, இன்னும் சிவப்பாக.

சின்னோவா பக்கத்து மூட்டையின் போர்வையை விலக்கினாள். அப்பாவின் எவர்சில்வர் பால் கேன் பளபளத்தது. கரண்டி அதற்குள்தான் கிடந்தது.

"நான்... இது மேலயா உக்காந்திருந்தேன்?"

"ரெண்டு நாள். கோழிகூட அப்படி அடைகாக்காது."

டோர்லைவ் கேனைப் பார்த்தான். ஆளுக்கொரு வாய் குடித்துவிட்டு உயிரோடும் சந்தோஷத்தோடும் நிற்கிற ஊரைப் பார்த்தான். கடைசியில் மனைவியைப் பார்த்தான். மலையைப் பார்த்து வந்ததைவிடப் பெரிய பிரமிப்பு அவனுக்கு வந்தது. அவளை அவன் தேர்ந்தெடுத்ததாகத்தான் இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தான்.

"அடுத்த வருஷத்திலேருந்து கத்தறது சின்னோவா," என்று ஷூர் தீர்ப்புச் சொன்னான். சாட்சி அல்லவா!

"அப்போ நான் மலையேறிக் கத்தினதெல்லாம் வீண்தானா?" என்றான் டோர்லைவ், பரிதாபமாக.

"யாரு சொன்னா?" என்று சின்னோவா பாத்திரம் தேய்க்கிற பிரஷ்ஷை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். "நீ கத்தின கத்துல, கொட்டில்லேருந்து நான் கேனை உருட்டிட்டு வந்த சத்தம் ஷூரோட நாய்க்குக்கூடக் கேக்கலையே!"