பார்லி களையும் சாமியார்

செஞ்சி பஸ் ஸ்டாண்டில் இறங்கி யாரிடமும் வழி கேட்க வேண்டாம். மஞ்சப் பையோடு எவன் ஓடுகிறானோ அவன் பின்னாலேயே ஓடினால் பார்லி சாமியார் கொட்டகை வந்துவிடும். தொண்டூர் பஸ், அனந்தபுரம் பஸ் எல்லாம் பிதுங்கி வழிகிறது. கோட்டை பார்க்க வந்த கூட்டமோ என்று நினைத்துவிடாதீர்கள். கோட்டையில் என்ன இருக்கிறது, வெறும் வரலாறு.

சாமியார் விபூதி வரவழைக்கவில்லை, வாயிலிருந்து லிங்கம் எடுக்கவில்லை. பார்லி கழுவினார். அவ்வளவுதான். கொட்டகை வாசலில் அவர் மச்சான் விற்கும் பார்லியை நோயாளி ஒரு பிடி அள்ளி, தலையைச் சுற்றி, பித்தளைச் சட்டியில் போட வேண்டும். சாமியார் தண்ணீர் ஊற்றிக் கண்ணை மூடி அலசுவார். தண்ணீர் வெள்ளையாகக் கலங்கும்.

"பாத்தியா, உன் வியாதி இறங்குது."

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். நாலாவது அலசலில் தண்ணீர் தெளிந்தால் வியாதி போச்சு. அந்தப் பார்லியை ஊறவைத்துக் கஞ்சி காய்ச்சிக் குடித்துவிட்டு, மாத்திரையைக் குப்பையில் போட்டுவிடலாம்.

இத்தனை பேரும் வீட்டில் தினம் அரிசி களைகிறவர்கள்தான். வெள்ளையாக வரும் கழனித்தண்ணியை மாட்டுக்கு ஊற்றுவார்களே தவிர, வியாதி என்று ஒருத்தரும் கும்பிட்டதில்லை. அரிசி நம்ம வீட்டுச் சரக்கு. பார்லி ஆஸ்பத்திரிச் சரக்காச்சே. புத்தியைச் செருப்போடு வெளியே விட்டுவிட்டு உள்ளே போனார்கள்.

அப்படிப் போனவர்களில் டிராக்டர் ஓட்டும் துரைக்கண்ணுவும் ஒருத்தர். கிட்னியில் கல் அடைத்திருக்கிறது, தள்ளிப்போட்டால் கிட்னியே போய்விடும் என்று விழுப்புரத்து டாக்டர் சொல்லியிருந்தார். துரைக்கண்ணுவுக்குக் கத்தி என்றால் நடுக்கம். கத்தியே வேண்டாம் என்றார் சாமியார். ஆபரேஷன் தேதி இரண்டு தரம் தவறிப்போனது. மனைவி வளர்மதி அழுதாள், சண்டை போட்டாள், பட்டினி கிடந்தாள். எதுவும் நடக்கவில்லை. கடைசியில், "சரி, நானும் வரேன்" என்று, போன தடவை வாங்கி வீட்டில் மிச்சமிருந்த பார்லிப் பையைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

துரைக்கண்ணு இடுப்பைப் பிடித்துக்கொண்டு, அவள் நீட்டிய பையிலிருந்து ஒரு பிடி அள்ளிப் போட்டார். சாமியார் அலசினார். தண்ணீர் கலங்கவே இல்லை. மறுபடி அலசினார். அப்போதும் தெளிவு. சாமியார் ஒரு நொடி முழித்தார். ஒரு நொடிதான், தொழில் தெரிந்தவர் அல்லவா.

"மகளே, உன் புருஷனுக்கு வியாதி பூரா போயிடுச்சு."

"அப்ப ஏன் சாமி இவரு தரையில சுருண்டு கெடக்கறாரு?"

கூட்டம் எட்டிப் பார்த்தது. துரைக்கண்ணு வலியில் முனகிக்கொண்டிருந்தார்.

"இது நீங்க வித்த பார்லிதான். நேத்தே நாலு தண்ணி அலசி, மாடியில காயவெச்சு எடுத்தாந்தேன். பார்லி சுத்தமாயிட்டுது. வலி அப்படியே இருக்குது."

சொன்னவள் வாசலில் இருந்து புதுப் பாக்கெட் ஒன்றைக் கொண்டுவந்து கிழித்து நேராகச் சட்டியில் கொட்டினாள். தண்ணீர் ஊற்றிக் கரண்டியால் கிண்டினாள். பால் மாதிரி வெளுத்தது.

"யாரு கையும் படல. இது யாரு வியாதி சாமி?"

சாமியார் வாய் திறப்பதற்குள் பக்தர் பாவாடை முந்திக்கொண்டார். "பாக்கெட் போட்டவருக்கு இருக்கும்மா."

பாக்கெட் போட்ட மச்சானுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "யோவ், எனக்கு ஒரு வியாதியும் கெடையாது. பார்லின்னா அப்படித்தான் வரும், மேல ஒட்டியிருக்கற மாவுய்யா அது."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். கூட்டம் சட்டியையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தது. பிறகு ரத்தினம்மாள் என்கிற அம்மாள் எழுந்து கேட்டாள். "அப்ப என் சுகர் மாத்திரைய ஏன்டா தூக்கிப் போடச் சொன்ன?"

சாமியார் அந்த 'டா'வைக் கேட்டதும் பின்வாசலைத் தேடினார்.

வளர்மதிக்கு வேடிக்கை பார்க்க நேரமில்லை. புருஷனைத் தூக்கினாள். "எந்திரிய்யா, ஆட்டோ நிக்குது."

"கத்தி வெப்பாங்களே, வளரு."

"வெக்கட்டும். அவங்க எங்க அறுக்கறோம்னு சொல்லிட்டாவது அறுக்கறாங்க."

கிட்னி தப்பித்தது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் தப்பித்திருக்காது என்றார் டாக்டர்.

போன வாரம் பாவாடையைப் பார்த்தேன். "அனந்தபுரத்துல ஒருத்தரு தேங்காயை உருட்டியே சுகரை எறக்கறாராம், வரியா?" என்கிறார். போங்க ஐயா, நல்லாப் போங்க. கும்பிடக் கை இருக்கிறது, சரி. கேட்பதற்கென்று ஒரு வாய் இருக்கிறதே, அதை எதற்கு வைத்துக்கொண்டிருக்கிறீர்கள்?