பெண் பார்க்க வந்தவர்களும் தரைக்குக் கீழே இருந்த அண்ணனும்

முதன்முதலாக வீடு வாங்குகிறவனுக்குச் சாவியோடு ஒரு நோயும் சேர்ந்து கிடைக்கிறது. தனக்கு எல்லாம் தெரியும் என்ற நோய். எனக்கு அது கொஞ்சம் முற்றிய நிலையிலேயே வந்தது.

நோர்வேயில், புருசெத் என்ற இடத்தில் அடுக்குமாடியில் எட்டு வருடம் இருந்துவிட்டு, இரண்டாயிரத்துகளின் தொடக்கத்தில் ஸ்டோவ்னர் பக்கம் ஒரு பழைய மரவீட்டை வாங்கினோம். நான், மனைவி வசந்தி, தங்கச்சி நளினி, மூன்று பேர். கால் வைத்தால் கிறீச்சிடும் அந்தத் தரையை இப்போது நினைத்தாலும் ஆசையாக இருக்கிறது. தரைக்குக் கீழே இடுப்பளவு உயரத்தில் ஒரு வெற்றிடம், வெறும் மண். கூடத்தின் நடுவில் இருக்கும் பலகை மூடியைத் தூக்கி இறங்கினால், தவழ்ந்துதான் போகலாம். அங்கிருந்து லேசாக ஈரமணம் வந்தது.

கட்டடச் சாமான் கடையில் ஒரு நோர்வேக்காரர் தெளிவாகத்தான் சொன்னார். மண்ணுக்கு மேல் பிளாஸ்டிக் தாளை விரி, மூட்டுகளை டேப்பால் ஒட்டு, சுவரில் உள்ள காற்றுத் துளைகளைத் திறந்தே விடு. கடைசி விஷயம் மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. இந்தக் குளிர் நாட்டில் ஓட்டையைத் திறந்து விடுவதா? (விசரோ அந்த மனுசனுக்கு!) குறொன்லாண்ட் கடைத்தெருவில் வாங்கிய அரிசியின் வெறும் சாக்குகளைச் சுருட்டி ஆறு துளைகளையும் அடைத்தேன். எறும்புகூட உள்ளே வர அனுமதி கேட்க வேண்டும், அவ்வளவு இறுக்கம்.

பனி உருகத் தொடங்கியபோது, மழையில் நனைந்த நாயைக் கட்டிலுக்கு அடியில் கட்டி வைத்ததுபோல வீடு மணக்க ஆரம்பித்தது. அந்த நேரம் பார்த்துத்தான் நளினியைப் பெண் பார்க்க வருகிறோம் என்று ஒரு குடும்பம் சொன்னது. அப்பா போன பிறகு அவளுக்கு எல்லாம் நான்தான். ஏற்கெனவே இரண்டு சம்பந்தம் தட்டிப் போயிருந்தன. ஊரில் அம்மா தொலைபேசிக்குப் பக்கத்திலேயே காத்திருந்தார். அவர்கள் வரும் சனிக்கிழமை காலையில் நளினி மூன்று சேலை மாற்றிவிட்டாள்.

மூன்று மணிக்கு வரச் சொல்லியிருந்தேன். தமிழ்க் கணக்கில் அது நாலரை. அந்த இடைவெளியில் இன்னும் கொஞ்சம் டேப் ஒட்டினால் மணம் அடங்கும் என்று இடுப்பில் கட்டிய சாரத்தோடு தரைக்குக் கீழே இறங்கினேன்.

மூன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் மணி அடித்தது. (நோர்வேயில் இருந்து இருந்து கெட்டுப்போன குடும்பம்!)

மூடித் திறப்பில் வசந்தியின் முகம் தெரிந்தது.

"அவை வந்திட்டினம்! இந்தக் கோலத்திலை மேலை வந்தியளெண்டால் கலியாணம் இல்லை. மூச்சு விடாதேங்கோ!"

மூடியைச் சாத்தி, கம்பளத்தை விரித்து, அதற்கும் மேல் சோபாவை இழுத்துப் போட்டுவிட்டாள். அந்தச் சோபாவிலேயே மாப்பிள்ளையின் தாயும் தகப்பனும் உட்கார்ந்தார்கள். பலகை வழியே ஒரு சொல் தவறாமல் எனக்குக் கேட்டது.

"பிள்ளையின்ரை தமையன் எங்கை?" என்றார் தகப்பன்.

"கடைக்குப் போட்டார். இப்ப வந்திடுவார்."

இருபது நிமிடம் போனது.

"எந்தக் கடை பிள்ளை? யாழ்ப்பாணத்திலையோ?"

வசந்தி வடை எடுக்கக் குசினிக்குள் ஓடுவது கேட்டது. அதற்குப் பிறகும் தகப்பன் விடவில்லை.

"தேப்பன் இல்லாத பிள்ளை. தமையனுக்கே அக்கறை இல்லையெண்டால் நாங்கள் ஆரோடை கதைக்கிறது? எழும்புங்கோ, போவம்."

அக்கறை இல்லையாம். எனக்கு! அவளுக்காக முழங்கால் தேயத் தவழ்ந்துகொண்டிருக்கிற எனக்கு! மானம் போனால் போகட்டும் என்று தலைக்கு மேலிருந்த பலகையைக் கைமுட்டியால் குத்தினேன்.

"ஐயா, போகாதேங்கோ! நான் இஞ்சைதான் நிக்கிறன்!"

தகப்பனின் குரல் தரைக்கு அருகே வந்தது.

"எங்கை?"

"உங்களுக்குக் கீழை!"

மாப்பிள்ளையின் தாய் இரண்டு கால்களையும் தூக்கிச் சோபாவில் வைத்துக்கொண்டாராம். மாப்பிள்ளை சுதன்தான் சோபாவைத் தள்ளி மூடியைத் திறந்தார். தலை நிறையச் சிலந்தி வலையோடு எழும்பி, மரியாதையாகக் கை கூப்பினேன். உள்ளங்கையில் கிடந்த டேப்பில் இரண்டு கையும் ஒட்டிக்கொண்டன. பிரிக்க முடியவில்லை. வந்தவர்களில் எவருக்கும் அவ்வளவு நீண்ட வணக்கம் அதற்கு முன் கிடைத்திருக்காது.

சுதன் குனிந்து மோந்து பார்த்தார். பிறகு கோட்டைக் கழற்றினார். "நான் சுரங்க ரயில் ஓட்டுறனான். இருட்டுக்குள்ளை போறது பழக்கம்" என்று இறங்கி, டோர்ச்சை வாங்கிக்கொண்டு சுவர்வரை தவழ்ந்து போனார். ஒரு சாக்கை இழுத்தார். அது பூஞ்சணம் பிடித்துக் கறுத்துப் போயிருந்தது.

"எந்த விசரன் இதை அடைச்சது?"

"நான்தான்."

அடுத்த சாக்கை இழுத்துப் பார்த்தார்; வரவில்லை.

"நல்ல இறுக்கமாத்தான் அடைச்சிருக்கிறியள்."

மேலே ஒரு சிரிப்பு வெடித்தது. தேநீர்த் தட்டோடு மூடியருகே நளினி நின்றிருந்தாள். கோப்பைகள் கிலுகிலுக்கச் சிரித்தாள். அப்பா போன பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதேயில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. (தூசியென்று சொல்லிச் சமாளித்தேன்.) முழங்காலிட்டு ஒரு கோப்பையைக் கீழே நீட்டினாள். சுதன் மண் கையால் வாங்கினார். அவர்கள் ஒருவரை ஒருவர் முதன்முதலாகச் சரியாகப் பார்த்தது அப்போதுதான்.

"அக்கறை கூடித்தான் போச்சுப் போலை," என்றார் தகப்பன், திரும்பவும் உட்கார்ந்தபடி.

ஆறு துளைகளும் திறந்ததும் இரண்டு கிழமையில் மணம் போய்விட்டது. ஆவணியில் கல்யாணம். தாரை வார்க்கும் நேரம் ஐயர், "பெண்ணின்ரை தமையன் எங்கை?" என்று கேட்டார். நான் தண்ணீர்ச் செம்போடு அவருக்குப் பின்னால்தான் நின்றேன். மாப்பிள்ளை மாலையைப் பிடித்துக்கொண்டு குனிந்து, தான் இருந்த பலகைக்குக் கீழே பார்த்தார். மண்டபத்தில் விஷயம் தெரிந்த பாதிப்பேர் சிரிக்க, தெரியாத பாதிப்பேரும் குனிந்து பார்த்தார்கள்.

கல்யாண வீடியோவில் அந்த இடத்தைத்தான் இன்றும் எங்கள் வீட்டில் திருப்பித் திருப்பிப் போடுகிறார்கள். ஊருக்கு அனுப்பிய பிரதியைப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளை எதைத் தேடினார் என்று அம்மா கேட்டார்.

"உங்கடை மகனைத்தான், மாமி," என்றாள் வசந்தி.