கங்காரு அண்ணை பாடமாக்கிய விடைகள்

அடி வாங்குவதையே உத்தியோகமாக வைத்து, அதற்குச் சம்பளமும் வாங்கிய தமிழர் உலகத்திலேயே ஒருவர்தான். மொன்றியலின் புவாண்ட்-கிளேரில் நான் வேலை செய்த வெயார்ஹவுஸில் எல்லோரும் அவரைக் கங்காரு அண்ணை என்று கூப்பிடுவோம்.

இளமையில் மெல்பேர்ணில் அவுஸ்திரேலிய ஃபுட்போல் ஆடியவர். அதுவும் மிட்ஃபீல்டர். அப்படியென்றால் என்ன என்று கேட்டேன்.

“பந்து போற இடமெல்லாம் போகோணும், ஐசே. பந்து இருக்கிற இடத்திலதான் மற்றவங்கள் எல்லாரும் வந்து இடிப்பாங்கள்.”

இதைவிடத் தெளிவாக ஒரு வேலையை யாரும் எனக்கு விளக்கியதில்லை.

அந்த ஆட்டத்தில் பந்தைக் கையால் எறியக்கூடாது. ஒரு உள்ளங்கையில் வைத்து மற்றக் கை முட்டியால் குத்தி அனுப்ப வேண்டும். ஆட்டத்தை விட்டு, கலியாணம் கட்டி, மொன்றியலுக்கு வந்த பிறகும் அண்ணைக்கு எறிய வரவில்லை. சூப்பர்வைசர் ஒருநாள் ஒட்டுகிற டேப்பைக் கேட்டார். அண்ணை குத்தினார். டேப் நேரே கோப்பிக் கோப்பையில் பட, சூப்பர்வைசர் தேவாலயச் சாமான்களின் பெயரெல்லாம் சொல்லித் திட்டினார்; கெபெக்கில் அவைதான் கெட்ட வார்த்தைகள்.

“பிடிக்கத் தெரியாதவன் ஏன் கேட்டவன்?” என்று அண்ணைதான் நொந்துகொண்டார்.

பக்கத்து ரொக்ஸ்பரோவில் ஒரு பிறந்தநாள் விழாவில் பலூன் ஒன்று மேலே போனது. அண்ணை பழைய ஆட்டத்தில் உயரப் பந்தைப் பிடிப்பதுபோலப் பாய்ந்து, கேக்குக்காகக் காத்திருந்த ஒரு பெரியவரின் முதுகில் முழங்காலை ஊன்றி, அதைப் பிடித்துவிட்டார். பெரியவர் கேக் சாப்பிடாமலே வீட்டுக்குப் போனார்.

மத்தியானச் சாப்பாட்டின்போது தன் தொழில் இரகசியத்தையும் சொன்னார்.

“தலையில அடிபட்டா டொக்டர் ஓடி வருவான். இது எந்த மைதானம், போன கிழமை ஆரோட விளையாடினீர், ஆர் வெண்டது எண்டு கேப்பான். பிழையாச் சொன்னா வெளியில இருத்திப் போடுவான். நான் மட்ச்சுக்கு முதலே எல்லாத்தையும் பாடமாக்கிப் போடுவன்!”

மேசையே சிரித்தது. நானும் வயிறு குலுங்கச் சிரித்தேன்.

கொஞ்ச நாளில் அண்ணை ஃபோர்க்லிஃப்டைத் தவறான வாசலுக்கு ஓட்டத் தொடங்கினார். ஒரு பின்னேரம், பனி கொட்டக் கொட்டத் தன் கார் எது என்று தெரியாமல் பார்க்கிங்கில் நின்றார். டொக்டரிடம் நினைவைச் சோதித்துப் பார்க்காமல் இனி ஃபோர்க்லிஃப்ட் ஓட்ட விடமாட்டோம் என்று கம்பனி சொல்லிவிட்டது. அந்த வண்டி இல்லையென்றால் அண்ணைக்கு வேலை இல்லை.

டொக்டரிடம் போக மனைவியை அவர் வரவிடவில்லை. “அவள் உண்மையைச் சொல்லிப் போடுவாள். நீர் வாரும், ஐசே.”

அந்த அக்கா எனக்குத் தனியாக ஃபோன் எடுத்தார். “தம்பி, ஆரையும் இடிச்சுச் சாகடிச்சுப் போட்டா என்ன செய்யிறது? டொக்டர் கேக்கேக்க ஒரு சொல்லும் எடுத்துக் குடுக்காதேங்கோ.”

என் காரில் போகும்போது அண்ணை பாடமாக்கினார். “புதன்கிழமை. குளிர்காலம். மூண்டாம் மாடி.” மட்ச்சுக்குப் போகிறவர் போல அவ்வளவு உற்சாகம்.

டொக்டர் அமைதியான பெண்மணி. இப்போது என்ன காலம் என்று கேட்டார்.

“மூன்றாம் மாடி” என்றார் அண்ணை, ஆங்கிலத்தில், கம்பீரமாக.

இன்று என்ன கிழமை என்று கேட்டார்.

“குளிர்காலம்.”

அண்ணை என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். விடை என் நாக்கு நுனியில் நின்றது.

டொக்டர் பேனாவை மூடினார். இனி எந்த வண்டியும் ஓட்டக்கூடாது என்றார். அண்ணைக்கு விளங்கியது. கை முட்டிகள் இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டார்.

பிறகு டொக்டர் என்னைக் காட்டி, உங்களை வீட்டுக்குக் கூட்டிப்போகிற இவர் யார் என்று மெல்லக் கேட்டார்.

அது அவர் பாடமாக்காத கேள்வி. என் முகத்தையே நெடுநேரம் பார்த்தார்.

“மை பிரதர்.”

எனக்கும் அவருக்கும் எந்தச் சொந்தமும் கிடையாது. சரிதானா என்று டொக்டர் என் பக்கம் திரும்பினார்.

“ஓம்” என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன்.