வேலம்மாளின் நெகட்டிவ் ரிப்போர்ட்

ஒரு காட்டில், காலையில் எழுந்தால் கையை மடக்க முடியாத முள்ளம்பன்றி ஒருத்தி இருந்தாள். பேர் வேலம்மாள். விரல் மூட்டெல்லாம் வீங்கி, வெயில் ஏறும்வரை விறைத்துக் கிடக்கும். அவள் வாழ்க்கைப்பட்ட வளையிலோ, மழைக்கு முன்னால் ஆளுக்குப் பத்து முழம் மண் தோண்டியாக வேண்டும்.

"கை எழும்ப மாட்டேங்கு மாமா. இந்த வருசம் மட்டும் என்ன விட்டுருங்க" என்று மாமனார் சுடலைமுத்துவிடம் கெஞ்சினாள்.

மூத்த ஓரகத்தி சங்கரவடிவு முந்திக்கொண்டாள். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். கிழங்கு திங்கும்போது மட்டும் கை நல்லா எழும்புதே!"

சுடலைமுத்து நியாயஸ்தர். அதாவது, எழுத்தில் இல்லாத எதையும் நம்பமாட்டார். "காயிதம் கொண்டா தாயி. நோய்னு எழுதியிருந்தா உக்காரு. இல்லன்னா தோண்டு" என்றார்.

வேலம்மாள் மருதமரத்தடி ஆஸ்பத்திரிக்குப் போனாள். துணைக்கு என்ற பேரில் உளவு பார்க்கச் சங்கரவடிவும் போனாள். அங்கே டாக்டர் ஒரு தேவாங்கு. மெதுவாகத்தான் பார்ப்பாள், ஆனால் கண்ணை அகலத் திறந்து பார்ப்பாள். அதனால் வரிசை ஆற்றங்கரைவரை நின்றது.

வேலம்மாளின் விரல்களை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்துவிட்டு டாக்டரம்மா சொன்னாள்: "கிருமி வந்தா குத்துறதுக்குன்னு உடம்புக்குள்ளயும் முள்ளு இருக்கும்மா. சில பேருக்கு அது சொந்த மூட்டையே குத்தும். வேலியே பயிர மேஞ்ச கதைதான். அந்த மாதிரி முள்ளு உன் ரத்தத்துல இருக்கான்னு ஒரு டெஸ்ட் எடுத்துருவோம்."

ரத்தம் எடுப்பது கொசு. ஊரெல்லாம் அடி வாங்கும் கொசுவுக்கு இங்கே எல்லோரும் வரிசையில் நின்று கையை நீட்டினார்கள். சம்பளம் தனி, சாப்பாடு தனி. "எனக்கும் ஒரு கடி கடிச்சுப் பாரும்" என்று சங்கரவடிவும் நீட்டினாள். ஓசியில் கிடைப்பதை விட்டுவிட்டு வீடு திரும்பிய வழக்கம் அவளுக்குக் கிடையாது.

எடுத்த ரத்தத்தை மின்மினிகளிடம் கொடுத்தார்கள். தன்னையே குத்தும் முள் இருந்தால் அவை பச்சையாக மின்னும். வேலம்மாளின் ரத்தத்தில் ஒரு மின்மினியும் கண் திறக்கவில்லை. சங்கரவடிவின் ரத்தத்தில் லேசாக மினுக்கின.

"இதுல குழம்ப வேண்டாம்" என்றாள் டாக்டரம்மா. "நல்லாருக்கறவங்க ரத்தத்துலயும் சில சமயம் லேசா மின்னும். நோயிருக்கறவங்க ரத்தத்துல மின்னாமலும் போகும். ரிப்போர்ட் சாட்சி மட்டுந்தான், தீர்ப்பு இல்ல. சங்கரவடிவுக்கு ஒண்ணுமில்ல. வேலம்மாளுக்குத்தான் மூட்டு நோய். வாரம் ஒரு மாத்திரை, இங்கயே வந்து வாங்கிக்கணும்."

இத்தனையும் வளைக்குள் போய்ச் சேர்வதற்குள் இரண்டே சொல்லாகத் தேய்ந்துவிட்டது: ஒருத்தி பாசிட்டிவ், ஒருத்தி நெகட்டிவ்.

"ஐயோ, எம் மூத்த மருமவளே!" என்று சுடலைமுத்து துண்டால் கண்ணைத் துடைத்தார். இலைமெத்தை விரித்து, இஞ்சிக் கஷாயம் வைத்துக் கொடுத்தார்கள். சங்கரவடிவுக்கும் படுத்த பிறகு எங்கேயோ வலிப்பதுபோலத்தான் இருந்தது. வேலம்மாளின் மாத்திரைச் சீட்டை மாமனார் கிழித்துப் போட்டார். "நெகட்டிவ்காரிக்கு என்ன ஆஸ்பத்திரி? போய்த் தோண்டு!"

வேலம்மாள் தோண்டிக்கொண்டே அழுதாள். வலியைக்கூடப் பொறுத்துக்கொள்வாள். பொய்க்காரி என்ற பேரைத்தான் தாங்க முடியவில்லை.

பாசிட்டிவ்காரியை வாராவாரம் ஆஸ்பத்திரிக்குக் காட்டுவது என்று குடும்பம் முடிவு செய்தது. கூட யார் போவது? எல்லாருக்கும் தோண்டும் வேலை. ஆகக் குறைவாகத் தோண்டுகிறவள் வேலம்மாள். போனால் நட்டமும் குறைவு. அவளையே அனுப்பினார்கள்.

முதல் வாரமே டாக்டரம்மா சீட்டைக் கேட்காமலே வேலம்மாள் கையில் மாத்திரையை வைத்தாள். முழுப்பகல் பெஞ்சில் ஓய்வு. ஏழெட்டு வாரத்தில் வேலம்மாளின் வீக்கம் வடிந்தது, விரல் மடங்கியது.

ஒருநாள் டாக்டரம்மா சங்கரவடிவை நிமிர்ந்து பார்த்தாள். "உனக்கு எதுக்கும்மா வாராவாரம் அலைச்சல்? உனக்குத்தான் ஒண்ணுமே..."

வேலம்மாள் பாய்ந்து டாக்டரம்மாவின் காதோரம் குனிந்தாள். "தாயீ, அவளுக்கு நோயில்லன்னு மட்டும் எழுதிராதீங்க. எழுதிட்டீங்கன்னா நான் செத்தேன்!"

டாக்டரம்மா வழக்கம்போல மெதுவாக யோசித்தாள். பிறகு சங்கரவடிவின் சீட்டில் எழுதினாள்: 'தொடர்ந்து கவனிக்க வேண்டும். வாரம் தவறாமல் வரவும். துணைக்கு அதே ஆள் வரவும்.'

சங்கரவடிவு அந்தச் சீட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பெருமையாக நடந்தாள். வேலம்மாள் அவள் பையைத் தூக்கிக்கொண்டு, அவளுக்கு நூறு ஆயுசு கேட்டு எல்லாச் சாமியையும் வேண்டியபடி பின்னால் போனாள்.

நீதி: கூட்டுக்குடும்பத்தில் உன் நோய் தீர வேண்டுமானால், நோயில்லாத ஒருத்திக்கு நல்ல பாசிட்டிவ் ரிப்போர்ட்டாக அமைய வேண்டும்.