சாகாத மீனின் பணிப்பதிவேடு

உலகத்தில் எத்தனையோ அலுவலகங்கள் இருக்கின்றன. அவற்றில் மேசை இருக்கிறது, மின்விசிறி இருக்கிறது, சிலவற்றில் ஆட்கள்கூட இருக்கிறார்கள். ஆனால் பதினோரு வருடம் இடைவிடாமல் நச்சுச் சோதனை நடத்தியும் ஒரு சோதனையிலும் ஒரு மீனைக்கூடச் சாகவிடாத அலுவலகம் இந்தப் பூமியில் ஒன்றே ஒன்றுதான். அது ‘பாலிமர் பதிவு மற்றும் இடர் மதிப்பீட்டு அலுவலகம்’. இரண்டாம் மாடி, படியேறியதும் இடது பக்கம். வலது பக்கம் கழிவறை. எந்தப் பக்கம் திரும்பினாலும் காத்திருக்கத்தான் வேண்டும்.

இந்தச் சாதனைக்குக் காரணமானவர் தொட்டிக்காரர். கண்ணாடித் தொட்டியைக் கழுவுவது, தண்ணீர் மாற்றுவது, மீன் அசைகிறதா என்று பார்த்து எழுதுவது அவர் வேலை. பதவியின் பெயர் ‘தற்காலிக நீர்வாழ் உயிரினப் பராமரிப்பு உதவியாளர்’. அதை முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் கூப்பிட்ட காரியம் மறந்துவிடும் என்பதால் எல்லோருக்கும் அவர் தொட்டிக்காரர்தான். அந்தப் பதவியில் ‘தற்காலிக’ என்ற ஒரு சொல் மட்டும் பதினோரு வருடமாக நிரந்தரமாக இருந்தது.

பாலிமர் என்றதும் யாரும் பயப்பட வேண்டாம். வாளி, பசை, பெயிண்ட், செருப்பு, பல் துலக்கும் பிரஷ்ஷின் முடி எல்லாம் அதுதான். சின்னச் சின்னத் துகள்கள் ஒன்றின் கையை ஒன்று பிடித்துக்கொண்டு நீளமாக நிற்கும். பழைய சட்டம் தனியாகத் திரியும் துகளை மட்டும் பிடித்து விசாரித்தது. கைகோத்து நிற்பவை பெரிய உருப்படிகள், உடம்புக்குள் நுழையாது, போகட்டும் என்று விட்டது. புதுச் சட்டம்தான், கும்பலாக நிற்பவர்களையும் ஒரு வார்த்தை கேட்டுவைப்பது நல்லது என்று கண்டுபிடித்தது. இனி ஒவ்வொரு பாலிமரையும் மீன் தொட்டியில் போட்டு நான்கு நாள் பார்க்க வேண்டும். மீன் பிழைத்தால் பதிவு எண். செத்தால் நிராகரிப்பு. சந்தேகம் வராமல் இருக்க ஒன்பதாவது விதி வேறு: ‘அசையும் மீன் உயிருள்ள மீனாகவும், அசையாத மீன் இறந்த மீனாகவும் கொள்ளப்படும்.’

சட்டத்தில் குறையே இல்லை. குறை மீனிடம் இருந்தது.

அலுவலகத்துக்கு வந்த முதல் மீன் வந்த அன்றே செத்தது. அப்போது தொட்டியில் எந்தப் பாலிமரும் போடவில்லை; அலுவலகக் குழாய்த் தண்ணீரே போதுமானதாக இருந்தது. படிவத்தில் ‘சோதனைக்கு முன் மரணம்’ என்று ஒரு கட்டம் இல்லை. வேறு மீன் கேட்டுத் தொட்டிக்காரர் எழுதினார். பழைய மீனைத் திருப்பி ஒப்படைத்தால்தான் புது மீன் என்று பதில் வந்தது. பழைய மீன் அதற்குள் பூனையின் பொறுப்பில் போயிருந்தது. மறுநாள் இயக்குநர் முதல் சோதனையைத் தொடங்கிவைக்க வருகிறார். தொட்டிக்காரரின் வீட்டில் துணி துவைக்கும் சோப்புத்தூளோடு இலவசமாக வந்த ஒரு ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் மீன் குளியலறைத் தட்டில் கிடந்தது. அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார்.

தொட்டியில் காற்று மோட்டார் குமிழி விட்டது. குமிழியில் மீன் சுற்றிச் சுற்றி வந்தது. இயக்குநர் குனிந்து பார்த்து, நல்ல துடிப்பான மீன் என்றார். ஆபத்துக்குப் பாவமில்லை என்று தொட்டிக்காரரும் தலையாட்டினார். அன்று ஆடிய தலை பதினோரு வருடம் ஆடிக்கொண்டே இருந்தது.

இருநூற்றுப் பதினோரு பாலிமர்கள் அந்தத் தொட்டியைக் கடந்துபோயின. கம்பளப் பசை போயிற்று, கூரைப் பூச்சு போயிற்று, பொம்மை ரப்பர் போயிற்று. மீன் ஒவ்வொரு முறையும் அசைந்தது. வெளியூர்களிலிருந்து நிபுணர்கள் வந்து, எங்கள் மீன்கள் எல்லாம் செத்துப்போகின்றன, உங்கள் மீனுக்கு மட்டும் என்ன தீனி போடுகிறீர்கள் என்று கேட்டுக் குறித்துக்கொண்டு போனார்கள். தொட்டிக்காரருக்கு மனம் உறுத்தாமல் இல்லை. ஆனால் நாற்காலிக் காலை யார் கடித்துத் தின்னப்போகிறார்கள் என்று சமாதானம் செய்துகொண்டு நன்றாகத் தூங்கினார்.

அந்தத் தூக்கத்தில் மண் விழுந்தது ஒரு திங்கட்கிழமை. நீர்த்தெளிப்புத் தூள் என்று ஒரு வெள்ளைப் பொடியைக் கம்பெனிப் பிரதிநிதி கொண்டுவந்து வைத்தார். கலங்கல் தண்ணீரில் போட்டால் சேற்றையெல்லாம் கட்டிப்பிடித்துக்கொண்டு அடியில் போய் உட்கார்ந்துவிடுமாம். குடிதண்ணீர்த் தொட்டிகளில் போடப்போகிறார்களாம். தொட்டிக்காரர் அளவுக் கோப்பையில் பொடியைக் கரைத்துப் பார்த்துவிட்டு, கோப்பையைக் கொல்லைப்புறக் கால்வாயில் அலசினார். அங்கே கொசுப்புழு தின்னும் குட்டி மீன்கள் நூறாவது இருக்கும். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் அத்தனையும் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன.

அன்று மாலை வீட்டில் மனைவி உற்சாகமாக இருந்தாள்.

“என்னங்க, நம்ம தெருத் தொட்டியிலதான் முதல்ல போடப்போறாங்களாம், ஏதோ புதுப் பொடி. இனிமே தண்ணி கண்ணாடி மாதிரி வருமாம். உங்க ஆபீஸ்ல பாத்துச் சொல்லிட்டா போதுமாம்.”

தொட்டிக்காரர் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தார். மூன்றாவது டம்ளர் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்த மகளைப் பார்த்தார். பிறகு இலவச மீனிலிருந்து கால்வாய் வரைக்கும் ஒன்றுவிடாமல் மனைவியிடம் சொன்னார். அவள் பாத்திரம் தேய்ப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

“அந்த மீனை நான் எத்தனை நாள் தேடினேன் தெரியுமா? சரி, அது போகட்டும். நாளைக்கே போய் உண்மையைச் சொல்லுங்க. வேலை போனா வேற வேலை. குடிக்கிற தண்ணியில விளையாடாதீங்க.”

மறுநாள் தொட்டிக்காரர் இயக்குநரின் அறைக்குப் போய், மீனைக் கையில் வைத்துக்கொண்டே உண்மையைச் சொன்னார். வேலையை விட்டுத் துரத்துவார்கள், போலீஸைக்கூடக் கூப்பிடுவார்கள் என்று எதிர்பார்த்து, மாற்றுச் சட்டைகூட ஒன்று பையில் கொண்டுவந்திருந்தார். ஆனால் அது எப்பேர்ப்பட்ட அலுவலகம் என்பதை அவர் பதினோரு வருடத்திலும் சரியாக எடைபோடவில்லை.

இயக்குநர் அவசரக் கூட்டம் கூட்டினார். மேசையின் நடுவில் ஒரு பீங்கான் தட்டில் மீன் வைக்கப்பட்டது. பதினேழு பேரும் அதைப் பார்த்தார்கள். அது பதினேழு பேரையும் பார்த்தது. இது மீன் இல்லை என்றால் இருநூற்றுப் பதினோரு பதிவுகளும் செல்லாது. இருநூற்றுப் பதினோரு விசாரணை வரும். ஓய்வூதியம் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. இதை இயக்குநர் மெல்லிய குரலில் எடுத்துச் சொன்னதும் அறையில் மீன் மீது மரியாதை கூடியது.

வரையறை அதிகாரி எழுந்தார். சட்டத்தில் வரும் சொற்களுக்குப் பொருள் சொல்வதற்கென்றே சம்பளம் வாங்குபவர்.

“சட்டப்படி மீன்னா என்ன? தண்ணியில இருக்கணும், துடுப்பு இருக்கணும், அசையணும். மூணும் இருக்கு. எதால செஞ்சிருக்கணும்னு சட்டம் எங்கயும் கேக்கல சார்.”

“அப்ப இது மீன்தானா?”

“மத்த மீனைவிட இதுதான் சார் சரியான மீன். பதினோரு வருஷமா நீளம்கூட மாறல.”

தொட்டிக்காரர் குறுக்கே புகுந்து, கால்வாயில் உயிரோடு இருந்த மீன்கள் செத்ததைச் சொன்னார். அந்த மீன்கள் அலுவலகத்தில் முறைப்படி நியமிக்கப்படாதவை, எனவே அவற்றின் மரணம் தனிப்பட்ட விஷயம் என்று வரையறை அதிகாரி வருத்தத்தோடு விளக்கினார். ஆனால் அவரே வேறொரு சிக்கலைக் கண்டுபிடித்தார். மீன் பிளாஸ்டிக். பிளாஸ்டிக் ஒரு பாலிமர். பதிவு பெறாத பாலிமரை அலுவலகத்தில் வைத்திருப்பது குற்றம். கூட்டம் அதிர்ந்துபோனது. இத்தனை பெரிய சட்டமீறல் தங்கள் மூக்குக்குக் கீழேயே நீந்திக்கொண்டிருந்திருக்கிறதே என்று கணக்காளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

உடனே மீன் பதிவுக்கு விண்ணப்பித்தது. அதன் சார்பில் இயக்குநர் கையெழுத்திட்டார். சோதனை விதிப்படி நடந்தது. பாலிமராகிய மீனைத் தொட்டியில் போட்டு, மீனாகிய மீன் சாகிறதா என்று நான்கு நாள் பார்த்தார்கள். சாகவில்லை. மீனுக்கு இருநூற்றுப் பன்னிரண்டாம் எண் கிடைத்தது. ‘இந்த உயிரினம் மீனே’ என்று முத்திரை குத்திய சான்றிதழ் தலைமையகத்துக்கு மூன்று படிகளில் போனது. பதினோரு வருட மாசற்ற சேவையைக் கருதி மீனுக்குப் பணிப்பதிவேடு ஒன்று திறந்து, அதன் பணியை நிரந்தரமாக்கினார்கள். தொட்டிக்காரரே அதற்கு அட்டை போட்டுக் கொடுத்தார்.

பிறகு இயக்குநர் அவரைத் தனியாகக் கூப்பிட்டு இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினார். அவருடைய பணி நிரந்தர உத்தரவு. கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

“அந்தப் பொடிச் சோதனை முடியட்டும்ப்பா, போட்டுடறேன். மீனை மட்டும் நல்லா பாத்துக்க. அதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீதான் பொறுப்பு.”

பொடியைத் தொட்டியில் போட்டார்கள். இருநூற்றுப் பதின்மூன்றாம் எண் அதற்காகக் காத்திருந்தது. முதல் நாள் மீன் சுற்றியது. இரண்டாம் நாளும் சுற்றியது. மூன்றாம் நாள் தெருத் தொட்டிக்குப் பக்கத்தில் பந்தல் போட்டு, இயக்குநரை வரவேற்றுத் துணிப் பதாகை கட்டிவிட்டார்கள் என்று மனைவி சொன்னாள். இரண்டு குடம் பழைய தண்ணீரைப் பிடித்து மூடி வைத்திருந்தாள். திட்டினால்கூடத் தாங்கியிருப்பார், அந்தக் குடங்களைத்தான் அவரால் பார்க்க முடியவில்லை. இரண்டு குடம் எத்தனை நாளைக்கு வரும்?

நான்காம் நாள் காலை பதினொரு மணிக்குக் கெடு. பதினேழு பேரும், பூச்செண்டோடு கம்பெனிப் பிரதிநிதியும் தொட்டியைச் சூழ்ந்து நின்றார்கள். தொட்டிக்காரர் இயக்குநரின் சட்டைப் பையில் இருந்த பேனாவைப் பார்த்தார். பதினோரு வருடக் காத்திருப்பு, மகளின் படிப்பு, வீட்டு வாடகை எல்லாம் அது போடப்போகும் கையெழுத்தில் இருந்தது. பத்து ஐம்பத்தைந்துக்கு அவர் சுவர்ப் பக்கம் நகர்ந்து, காற்று மோட்டாரின் சுவிட்சை அணைத்தார்.

குமிழி நின்றது. மீன் இன்னும் அரைச் சுற்று வந்தது. பிறகு மெதுவாகப் பக்கவாட்டில் சாய்ந்து, வெளுத்த வயிற்றை மேலே காட்டிக்கொண்டு மிதந்தது.

இயக்குநர் தொட்டியைத் தட்டிப் பார்த்தார். கணக்காளர் ஊதிப் பார்த்தார்.

“மீன் செத்துப்போச்சு சார்,” என்றார் தொட்டிக்காரர்.

“அது பிளாஸ்டிக்குங்க,” என்று கத்தினார் கம்பெனிப் பிரதிநிதி. “பிளாஸ்டிக் எப்படிங்க சாகும்?”

பதினேழு முகங்களும் வெளிறின. தலைமையகத்துக்கு மூன்று படிகளில் போன சான்றிதழ் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது. வரையறை அதிகாரிதான் முதலில் சுதாரித்துக்கொண்டார். அரசுப் பணியிலிருக்கும் நிரந்தர ஊழியரை, அதுவும் இறந்த உடலின் முன்னால், பிளாஸ்டிக் என்று பேசுவது அவதூறு என்று பிரதிநிதியை எச்சரித்தார். ஒன்பதாவது விதியை உரக்க வாசித்தார். மணி பதினொன்று அடித்தபோது மீன் அசையவில்லை. இயக்குநர் கோப்பில் ‘பதிவு கூடாது’ என்று எழுதினார். அந்தச் சொல்லுக்கு அதுவரை வேலையே இருந்ததில்லை. எழுத்துப்பிழை வந்து ஒருமுறை அடித்து எழுதினார். பூச்செண்டைத் திருப்பி எடுத்துக்கொண்டு போக வேண்டாம் என்று பிரதிநிதியிடமிருந்து வாங்கித் தொட்டியின் மேல் வைத்தார்கள்.

தெருவில் பந்தலைப் பிரித்தார்கள். தண்ணீர் பழையபடி கலங்கலாகவே வந்தது. மனைவி அதைக் காய்ச்சி வடிகட்டி ஒரு டம்ளர் கொண்டுவந்து தந்தாள். நிரந்தர உத்தரவு இழுப்பறையிலிருந்து குப்பைக் கூடைக்குப் போனதை அவர் சொன்னபோது, போனால் போகிறது என்று மட்டும் சொன்னாள். ஆனால் அன்று அவரைப் பார்த்த பார்வையில் கல்யாணமான புதிதில் இருந்த ஏதோ ஒன்று இருந்தது. அவருக்கு அழுகை வந்தது; மகிழ்ச்சிதான்.

மறுநாள் இரங்கல் கூட்டம். கூட்டம் தொடங்குமுன் தொட்டிக்காரர் இயக்குநரிடம் மெதுவாக ஒரு சந்தேகம் கேட்டார். இதே மீன் சரி என்று சொன்ன மற்ற இருநூற்றுப் பதினொன்றையும் ஒரு நல்ல மீனை வைத்து மறுபடி பார்க்க வேண்டாமா? இயக்குநருக்கு மனம் புண்பட்டுவிட்டது. இறந்தவர் உயிரோடு இருந்தபோது சொன்னதைச் சந்தேகப்படுவது பண்பாடா என்று கேட்டார். பிறகு பணிப்பதிவேட்டைத் திறந்து, ஒரு நாள் விடுப்பு எடுக்காமல், ஒரு வாய் தீனி கேட்காமல், கடமைக்காக உயிரையே கொடுத்த ஊழியர் என்று தழுதழுத்தார். எல்லோரும் எழுந்து இரண்டு நிமிடம் மௌனமாக நின்றார்கள்.

மௌனமாக நிற்பது அவர்களுக்குப் பழக்கம்தான். உயிருள்ளவர்கள் மொத்தம் பதினேழு பேர். தொட்டிக்காரர் தற்காலிகம் என்பதால் கணக்கில் வரமாட்டார். அந்தப் பதினேழு பேரும் பதினோரு வருடத்தில் எந்தக் கோப்பிலும் அதற்கு முன் ஒருமுறைகூடக் ‘கூடாது’ என்று எழுதியதில்லை. அதை எழுதவைப்பதற்குச் சோப்புத்தூளோடு இலவசமாக வந்த ஒன்று, இல்லாத உயிரை விட வேண்டியிருந்தது.