குழந்தை எவ்வளவு உயரம் என்று கேட்ட அக்காவுக்கு

டைக்மன் செர்ரித் தோட்டம்,
மிச்சிகன்.

அன்பும் மரியாதையும் நிறைந்த ஆர்டித் அக்காவுக்கு,

தம்பி வெர்ன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் மனைவி கோனியும் மகள் ஐரிஸும் அவள் பெற்ற குழந்தையும் கர்த்தர் கிருபையால் சுகம். அரிசோனா வெயிலில் நீயும் அத்தானும் அவருடைய முழங்காலும் சுகமாயிருக்க வேண்டுகிறோம். போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று யோசிப்பாய். போனில் பேசினால் கத்துவேன். கத்தினால் கோனி போனைப் பிடுங்கிக்கொள்வாள். கடிதத்தை யாரும் பிடுங்க முடியாது.

மருத்துவமனையிலிருந்து வீடு வந்ததும் நீ போனில் விட்டிருந்த குரலைக் கேட்டேன். "வெர்ன், வாழ்த்துக்கள்டா. குழந்த எவ்வளவு உயரம்?" அவ்வளவுதான். தாய் எப்படி இருக்கிறாள், என்ன பெயர், ஆணா பெண்ணா, ஒன்றும் இல்லை. ஊரார் கேட்டார்கள், பொறுத்தேன். பாதிரியார் கேட்டார், பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தேன். என் கால்களுக்கு அறுவை நடந்த ஒவ்வொரு கோடையிலும் என் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சீட்டாடி, ஒவ்வொரு ஆட்டத்திலும் ஏமாற்றி ஜெயித்த என் சொந்த அக்காவே கேட்டால் நான் யாரிடம் போய் முறையிடுவது?

உனக்குத் தெரியாததா, ஆனாலும் சொல்கிறேன். ஆறடி இரண்டங்குல அப்பாவுக்குப் பிறந்து நாலடியை எட்டாமலே நின்றுபோனவன் நான். பள்ளியில் கரும்பலகை எட்டவில்லை என்று வாத்தியார் என்னை நாற்காலியில் ஏற்றினார். கல்லூரி முடித்து வேலை கேட்டுப் போன இடத்தில், சர்க்கஸ் அடுத்த தெருவில் என்று வழி சொன்னார்கள். போனில் டிராக்டர் உதிரிபாகம் விற்கும் வேலைதான் கிடைத்தது. போனில் எல்லோருக்கும் ஒரே உயரம் அல்லவா? மாவட்டத்திலேயே முதல் ஆளாக விற்றேன், சேர்த்தேன், இந்தத் தோட்டத்தை வாங்கினேன். வாங்கியதும் என்ன செய்தேன்? உயரமான பழைய மரங்களையெல்லாம் எடுத்துவிட்டுக் குட்டை ரகச் செர்ரியை வைத்தேன். என் கைக்கு எட்டாத கிளை ஒன்றுகூட என் நிலத்தில் கிடையாது. ஏணியே வைத்துக்கொள்வதில்லை.

ஐரிஸுக்கு ஏழு வயதாகும்போது தொலைக்காட்சிக்காரர்கள் வந்தார்கள். குள்ளமாகப் பிறந்த அப்பா, அவரைப் போலவே ஒரு மகள், உயரமான அம்மா, பெரிய தோட்டம், உங்கள் குடும்பத்தை அப்படியே காட்டுகிறோம் என்றார்கள். நானும் ஒப்புக்கொண்டேன். ஒரு குள்ளன் கரண்டு பில்லைப் பார்த்துத் திட்டுவதையும், மகளைப் பல் துலக்கச் சொல்லிக் கத்துவதையும் நாடு முழுக்க உட்கார்ந்து பார்த்துவிட்டால், பிறகு கடைத்தெருவில் எவனும் எங்களைத் திரும்பிப் பார்க்க மாட்டான் என்று நம்பினேன். 'டைக்மன் செர்ரித் தோட்டம்' என்று பெயர் வையுங்கள் என்று சொன்னேன். அவர்கள் வைத்தது 'எட்டாத கிளை'. எட்டாத கிளை இங்கே இல்லையே என்றேன். மறுநாள் பக்கத்துத் தோட்டத்துக்குக் கூட்டிப்போய் ஒரு கிழட்டு மரத்தில் ஏணி சாய்த்து என்னை ஏறச் சொன்னார்கள். ஏறினேன், விழுந்தேன். கேமரா சரியாகப் பிடிக்கவில்லை, இன்னொரு தரம் விழ முடியுமா என்று கேட்டார்கள். இத்தனை வருஷத்தில் நான் மூன்று தரம் கடன் அடைத்திருக்கிறேன், உறைபனியிலிருந்து மகசூலைக் காப்பாற்றியிருக்கிறேன், எங்களைப் போன்றவர்கள் சங்கத்துக்குத் தலைவராக இருந்திருக்கிறேன். ஜனங்களிடம் கேட்டுப் பார். நான் விழுந்ததுதான் ஞாபகம் இருக்கும்.

நிகழ்ச்சி நின்று சில வருஷம் நிம்மதியாக இருந்தேன். ஐரிஸ் கர்ப்பமானதும் மோப்பம் பிடித்து மறுபடி வந்துவிட்டார்கள். தயாரிப்பாளர் இப்போது பிரின்லி என்ற ஒரு பெண். நிகழ்ச்சி தொடங்கியபோது அவளே பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாளாம். கேமரா மட்டும் அதே ராமிரோ. ஐரிஸ் சரி என்றாள், நான் தலையிடவில்லை. வயிற்றிலிருக்கும் குழந்தை அம்மாவைப் போல இருக்குமா, அப்பா டோபினைப் போல நெட்டையாக இருக்குமா என்பது பாதிக்குப் பாதி என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஸ்கேனில் என்ன தெரிந்ததோ, பெண்ணும் மாப்பிள்ளையும் வாயே திறக்கவில்லை. என்னிடமும்தான். நானும் கேட்கவில்லை.

போன மாதம் பால் வாங்கக் கடைக்குப் போனேன். கல்லாவில் இருந்த லொரெட்டா கையைப் பிடித்துக் குலுக்கினாள். "தாத்தா ஆகப்போறீங்க. நான் உங்க பக்கம்தான் ஓட்டுப் போட்டிருக்கேன்."

"எந்த ஓட்டு? பள்ளிக்கூட போர்டு தேர்தலா?"

"அட, குழந்த ஓட்டு. நெட்டையா குட்டையான்னு டிவியில கேக்கறாங்கல்ல, நான் குட்டைக்குப் போட்டேன். நெட்டைதான் இப்ப கொஞ்சம் முன்னால இருக்கு, ஆனா கவலப்படாதீங்க."

பாலை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன். பிரின்லியை முற்றத்தில் பிடித்தேன்.

"இது என்னம்மா, குதிரைப் பந்தயமா?"

"சார், மக்கள் பாசத்துலதான் கலந்துக்கறாங்க. நாலு லட்சம் பேர் சார்."

"பொறக்காத பிள்ளைய வெச்சு நாலு லட்சம் பேர் பாசமா? உன்ன உங்கம்மா பெத்தப்ப எத்தன பேர் ஓட்டுப் போட்டாங்க?"

"நீங்க இப்ப கோவப்பட்டது ரொம்ப இயல்பா இருந்துச்சு சார். ராமிரோ லென்ஸ் மாத்திக்கிட்டிருந்தாரு. இன்னொரு வாட்டி சொல்றீங்களா?"

அன்று மாலையே டிராக்டரை எடுத்துக்கொண்டுபோய் எங்கள் பாதையின் வாயிலில் குறுக்கே நிறுத்தினேன். அவர்களுடைய வேன் வெளியே சாலையிலேயே நிற்கட்டும் என்று விட்டேன். மார்ச் மாதச் சேறு எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். காலையில் பார்த்தால் சக்கரம் பாதிவரை இறங்கிவிட்டது. இறங்கட்டும், இனி யாராலும் நகர்த்த முடியாது என்று எனக்கு உள்ளூர மகிழ்ச்சி. அஞ்சல்காரர் உள்பட ஒருவரும் வரவில்லை. கோனி மட்டும், "கோட்ட கட்டிட்டீங்க, அகழிக்கு முதலை எப்ப வருது?" என்று கேட்டாள்.

ஐரிஸ் என்னைப் பாராட்டுவாள் என்று நினைத்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் படியிறங்கி வந்து என்முன் நின்றாள்.

"எனக்குப் பல் விழுந்தத ஊருக்கே காட்டினாங்க. பள்ளிக்கூட நடனத்துக்கு என்னை ஒருத்தனும் கூப்பிடலன்னு நான் அழுதத விளம்பரத்துக்கு நடுவுல போட்டாங்க. அப்ப டிராக்டர் எங்க போச்சுப்பா?"

"அது வேற, இது வேற."

"என்ன வேற?"

"டிராக்டருக்கு அப்ப கிளட்ச் சரியில்ல."

வேறென்ன சொல்வது அக்கா? நீயே சொல். அவள் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. "கேமராவுக்கு சரின்னது நான்தான். ஓட்டுக்கு நான் சரின்னு சொல்லல. அத நானே நிறுத்திக்குவேன். எனக்காக யாரும் கதவு மறிக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். எனக்கு அதுவும் கோபம். நியாயம் என் பக்கம் இருக்கும்போது எல்லோரும் சேர்ந்து அதை என்னிடமிருந்து பிடுங்கிக்கொள்கிறார்கள்.

மறுநாள் மத்தியானம் அவளுக்கு வலி கண்டது. ஐரிஸின் உடல்வாகுக்கு அறுவை செய்துதான் குழந்தையை எடுக்க வேண்டும், அதற்கு நாள் குறித்திருந்தது, இன்னும் இரண்டு வாரம் இருந்தது. வலி வந்தால் தாமதிக்கவே கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார். டோபின் காரைக் கிளப்பிக்கொண்டு வாயிலுக்கு வந்தான். அங்கே என்ன நிற்கிறது? என் டிராக்டர். நான் ஓடிப்போய் ஏறிச் சாவியைத் திருப்பினேன். என்ஜின் ஓடியது, சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றியது. சேறு முழுக்க டோபினின் கார் கண்ணாடியில் அடித்தது. பக்கவாட்டில் போகலாமென்றால் இருபுறமும் வாய்க்கால். ஆம்புலன்ஸ் நகரத்திலிருந்து வர அரைமணி ஆகும் என்றார்கள். நான் திட்டாத ஆள் இல்லை. மழையைத் திட்டினேன், டிராக்டர் கம்பெனியைத் திட்டினேன், பக்கத்தில் நின்ற கோனியையும் திட்டினேன். அவள் பதிலே பேசவில்லை. கோனி பதில் பேசாவிட்டால் நிலைமை எவ்வளவு மோசம் என்று உனக்குத் தெரியும். உண்மையைச் சொன்னால், பயத்தில்தான் திட்டினேன்.

சாலையில் அவர்களுடைய வேன் நின்றுகொண்டிருந்தது. டோபின் ஐரிஸைத் தூக்கிக்கொண்டு டிராக்டரைச் சுற்றி முழங்கால் சேற்றில் இறங்கினான். எதிரே ராமிரோ தோளில் கேமராவோடு நின்றான். எடுக்காதே என்று கத்த வாயைத் திறந்தேன். அதற்குள் அவன் அந்த விலையுயர்ந்த கேமராவைச் சேற்றிலேயே வைத்துவிட்டு இறங்கி வந்து ஐரிஸின் கால் பக்கத்தைத் தாங்கினான். ஏழு வயதிலிருந்து அவளைப் படம் பிடித்தவன். "ஒண்ணும் இல்லடா கண்ணு, ஒண்ணும் இல்ல" என்று சொல்லிக்கொண்டே போனான். பிறகு என்னையும் ஒரு மூட்டையைப் போலத் தூக்கி வேனுக்குள் போட்டான். வேறு நாளாயிருந்தால் அதற்காக அவன்மேல் வழக்குப் போட்டிருப்பேன்.

பிரின்லிதான் ஓட்டினாள். விளக்குகளுக்கும் ஒயர்களுக்கும் நடுவில் நான் உட்கார்ந்திருந்தேன். பாதி வழியில் ஐரிஸ், பல்லைக் கடித்துக்கொண்டு, "பிரின்லி, அந்த ஓட்டு" என்றாள்.

"எடுத்தாச்சு. நீ காலையில போன் பண்ணதுமே எடுத்துட்டேன். வேலை போனாலும் போகுது, நீ மூச்சு விடு" என்றாள் அந்தப் பெண்.

ஆக, நான் டிராக்டரால் வாயிலை மறித்ததால் ஒன்றும் நடக்கவில்லை, மகள் ஒரு போனில் முடித்துவிட்டாள். இதற்கும் எனக்குக் கோபம்தான்.

குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். பெண் குழந்தை, பெயர் மேவிஸ். நீ கேட்காததையெல்லாம் சொல்லிவிட்டேன். கேட்டதைச் சொல்ல மாட்டேன். நான் பிறந்த அன்று டாக்டர் வெளியே வந்து அப்பாவிடம் சொன்ன முதல் வார்த்தை, "மன்னிக்கணும்." அம்மா அதை எத்தனை தரம் சொல்லி அழுதிருக்கிறாள், நீயும்தான் பக்கத்தில் இருந்து கேட்டிருக்கிறாய். மேவிஸைப் பற்றி இந்த உலகம் பேசும் முதல் வார்த்தை ஒரு அளவாக இருக்க நான் விடமாட்டேன். அவள் எவ்வளவு நீளம் என்பது அவளுக்கும் அவள் தொட்டிலுக்கும் நடுவில் உள்ள விஷயம். தொலைக்காட்சியானாலும் சரி, பாதிரியாரானாலும் சரி, அக்காவானாலும் சரி, என் வாயிலிருந்து ஒரு அங்குலம்கூட வராது. இதுவே என் முடிவு.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசி. உன் தோட்டத்து எலுமிச்சை காய்க்கட்டும், உன் சீட்டாட்டத்தில் இனியாவது நேர்மை வரட்டும். கோபத்தோடும் மாறாத அன்போடும்,

உன் தம்பி
வெர்ன்

பி.கு.: ஒட்டிய உறையை மறுபடி பிரித்திருக்கிறேன். நீ எப்படியும் குல்லா பின்ன உட்கார்ந்துவிடுவாய். கம்பளி நூல் கொத்தில் போட்டிருக்கும் அளவுக்குப் பின்னாதே, பற்றாது. நெற்றி என் நெற்றி, தலை என் பெரிய தலை. விரலை விரித்தால் மூன்று கிளையாய்ப் பிரிகிற அதே கை அக்கா, அச்சு அசல் என் கை. என் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டேன் என்கிறாள். யாரிடமும் சொல்லிவிடாதே. நானும் நர்ஸுகளிடமும், பெட்ரோல் பங்கிலும், ஞாயிறு ஆராதனையில் ஒலிபெருக்கியை வாங்கியும் மட்டும்தான் சொன்னேன்.