என்னை உள்ளே விடாத கட்டடம்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே உங்கள் மனைவி நலம், பூட்டுக் கம்பெனி நலம், என் முழங்கால்கூட நலம். என் மரியாதை மட்டும் மூன்று நாளாகப் படுத்த படுக்கை. போன இடத்தில் வேளாவேளைக்குச் சாப்பிடவும்.

கிளம்பும்போது மூன்று டேட்டா சென்டர்களின் விலாசத்தை என் கையில் திணித்து, வெள்ளிக்கிழமைக்குள் ஒன்றைப் பார்த்துக் கையெழுத்துப் போடச் சொன்னீர்கள். பின்னறையில் சமர்த்தாக உட்கார்ந்திருக்கும் நம் சர்வரை, ஊரார் சர்வர்களோடு ஒரே கட்டடத்தில் வாடகைக்குக் குடிவைக்க வேண்டுமாம். நம்மிடம் பூட்டு வாங்கிய விடுதியின் எண்ணூறு அறைப் பூட்டுகளும் அதைக் கேட்டுத்தான் திறக்கின்றன. அது இந்த மாதம் இரண்டு முறை நின்றது. இன்னொரு முறை நின்றால் அத்தனை பூட்டையும் கழற்றித் திருப்பி அனுப்பிவிடுவதாக விடுதிக்காரர் சொல்கிறார். சரி, ஏன் நின்றது? முதல் முறை, ஆளில்லாத அறையில் விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது, மின்சாரம் வீணாகிறதே என்று அணைத்தேன். இரண்டாம் முறை, தொட்டால் காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி கொதித்தது, ஈரத்துண்டு போட்டேன். அக்கறைக்கு இந்த வீட்டில் குற்றம் என்று பெயர்.

இருந்தாலும் போனேன். முதல் கட்டடத்தில் கழுத்துப்பட்டைக்காரர் ஒருவர் குளிர்சாதனத்தின் பெருமையை அரைமணி நேரம் ஓதினார். நான் அலமாரிப் பூட்டைப் பார்த்தேன். பேனா மூடியின் கிளிப்பை விட்டு ஒரு திருப்பு, திறந்துகொண்டது. பக்கத்து அலமாரியும் அதே திருப்பில் திறந்தது. ஐம்பது அலமாரிக்கும் ஒரே சாவி, மாப்பிள்ளை! ஏழாவதைத் திறக்கும்போது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஐயா, வெளியில சொல்லிடாதீங்க, எனக்குக் குடும்பம் இருக்கு" என்றார். நமக்கும்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இரண்டாவது கட்டடத்தில் மின்சாரம் போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். போகாது என்றார்கள். போனால்? ஜெனரேட்டர் இருக்கிறது, இரண்டு நாளுக்கு டீசல் நிரம்பி வழிகிறது என்றார்கள். சொல்லை நம்புகிறவன் பூட்டுச் செய்ய வரமாட்டான். தொட்டி மூடியைத் திறந்து குடையை விட்டுப் பார்த்தேன். நுனி மட்டும்தான் நனைந்தது. இரண்டு நாள் என்ன, இரண்டு தும்மலுக்குக்கூடக் காணாது.

அந்தக் குடையோடுதான் மூன்றாவது இடத்துக்குப் போனேன், அங்கேதான் என் மானம் போயிற்று. வாசலில் காவலுக்கு ஒரு அம்மா. என் தோள் உயரம்கூட இல்லை. அடையாள அட்டை கேட்டாள். வீட்டில் இருந்தது. "நான் யாருன்னு தெரியுமா?" என்றேன்.

"தெரியாதுங்க. அதுக்குத்தானே அட்டை கேக்குறேன்."

வீட்டுக்குப் போய் எடுத்து வந்தேன். குடையில் டீசல் வாடை அடிக்கிறதென்று பிடுங்கி வெளியே சாத்தினாள். பிறகு கண்ணாடிக் கூண்டு ஒன்று: பின்கதவு சாத்தினால்தான் முன்கதவு திறக்குமாம், அதுவும் விரல் ரேகை வைத்தால். நாற்பது வருஷம் அரம் பிடித்துத் தேய்ந்த விரலில் ரேகைக்கு எங்கே போவது? பத்து விரலையும் வைத்தேன், பத்தையும் வேண்டாம் என்றது. முன்னும் இல்லாமல் பின்னும் இல்லாமல் மீன் தொட்டி மீன் மாதிரி நின்றேன். மேனேஜர் ஓடிவந்து, பெரியவரை உள்ளே விடும்மா என்று கத்தினார். அவள் அவரையும் ஏற இறங்கப் பார்த்து, "உங்க அட்டை எங்க சார்?" என்றாள். அவர் அட்டை எடுக்க மாடிக்குப் போனார். நானும் வெளியே அனுப்பப்பட்டேன். இப்படி ஒரு அவமரியாதையை நான் பெண் பார்க்கப் போன இடத்தில்கூடப் பட்டதில்லை.

ஆகவே என் தீர்மானம் இது. சர்வர் இந்தப் பின்னறையை விட்டு ஒரு அங்குலம் நகராது. இதோ, அதன் பக்கத்திலேயே நாற்காலி போட்டுக் காவலிருந்துகொண்டுதான் எழுதுகிறேன். என்னைவிட நம்பிக்கையான காவல் எந்தக் கட்டடத்தில் இருக்கிறது?

நீங்களும் என் மகளும் எல்லா வளமும் பெற்று, பெரியவர் பேச்சைக் கேட்டு நீடூழி வாழ ஆசீர்வதிக்கும்,
மாமனார்.

பின்குறிப்பு: பின்னறையில் ஜன்னல் இல்லை அல்லவா. எழுத வெளிச்சம் போதாமல் மேசை விளக்கைச் செருகுவதற்காக ஒரு பிளக்கைப் பிடுங்கியிருந்தேன். அது எதன் பிளக் என்று விடுதிக்காரர் ஒன்பது முறை போன் செய்த பிறகுதான் தெரிந்தது. உங்கள் மனைவி விளக்கைப் பிடுங்கிவிட்டு, கார் சாவியை என் முன்னால் வைத்தாள். இன்னும் ஒரு வாரம் பொறுத்துக்கொள்ள விடுதிக்காரர் அவளுக்காகச் சம்மதித்திருக்கிறார். மூன்றாவது இடத்தில் கையெழுத்துப் போட்டாயிற்று. உள்ளே போக அனுமதி உள்ளவர்கள் என்ற இடத்தில் உங்களையும் அவளையும் மட்டும் எழுதினேன். காவல்கார அம்மாவிடம், நான் வந்து கெஞ்சினாலும் விடாதே என்று சொல்லிவைத்தேன். "அதை நீங்க சொல்லணுமாங்க?" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை போய்க் கெஞ்சிப் பார்க்கப் போகிறேன்.